பூத்த நாளை எழுதி வைத்தவர்கள்

812-ஆம் ஆண்டு, கியோட்டோ. பேரரசர் சாகா ஷின்சென்-என் தோட்டத்தில் செர்ரி பூக்களைப் பார்க்க ஒரு விருந்து வைத்தார். அரசவை வரலாற்றில் அது ஒரு சின்னச் செய்தி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த பிரபுக்களும் பிக்குகளும் செர்ரி பூத்த நாளையும் பூ பார்க்கப் போன நாளையும் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்தார்கள். யாரும் வெப்பத்தை அளக்க நினைக்கவில்லை. வெப்பமானியே அப்போது கிடையாது. ஆனால் கியோட்டோவின் 1200 வருட வசந்தத்தை இன்று நாம் அளப்பது அந்தக் குறிப்புகளை வைத்துத்தான்.

எப்படி என்று கேட்கலாம். செர்ரி மொட்டு வசந்தத்தில் உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே உருவாகி, இலையுதிர் காலத்தில் உறங்கப் போய்விடுகிறது. அதை எழுப்ப முதலில் வேண்டியது வெயில் இல்லை, குளிர். வருஷம் முழுக்க வெயிலில் இருக்கும் நமக்கு இது விநோதமாகப் படும். பல வாரக் குளிர் கடந்த பிறகுதான் மொட்டு வெப்பத்தைச் சேர்க்கத் தொடங்கும். டோக்கியோவில் இதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும், 600 டிகிரியைத் தொடும் சமயத்தில் பூக்கும். பொறியாளனான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். சென்சார் அந்த நொடியின் வெப்பத்தைச் சொல்லும். மரமோ பல வாரங்களைக் கூட்டி ஒரே ஒரு தேதியாகத் தருகிறது.

அந்தத் தேதிகளைத் தேடித் தொகுத்தவர், ஒசாகாவில் பணியாற்றிய யசுயுகி அவோனோ. பழைய நாட்குறிப்புகளைப் புரட்டி, சந்திர நாட்காட்டித் தேதிகளை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றி, ஒவ்வோர் ஆண்டின் மார்ச் மாத வெப்பத்தையும் கணித்தார். பட்டியலில் ஓட்டைகள் உண்டு. இருந்தும் அது சொல்வது தெளிவு. பல நூற்றாண்டுகள் முழு மலர்ச்சி ஏப்ரல் நடுவை ஒட்டியே இருந்தது. 1323-இல் மே 4 வரை தள்ளிப்போனது. 1409-இல் மார்ச் 27-க்கே வந்தது. அந்தச் சாதனை 2021-இல் உடைந்தது: மார்ச் 26. தனியாக ஒரு சீக்கிர வருஷம் முன்பும் வந்ததுண்டு. இப்போதோ சராசரியே ஏப்ரல் தொடக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. புவி வெப்பமாதலும் கியோட்டோவின் நகர வெப்பமும் சேர்ந்து செய்த வேலை இது.

சாதனை உடைவதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2020 நவம்பரில், ஜப்பான் வானிலை முகமை ஓர் அறிவிப்பு விட்டது. 34 தாவரங்களையும் 23 விலங்குகளையும் கவனித்துவந்த அது, அடுத்த ஆண்டு முதல் 6 தாவரங்களை மட்டும் பார்க்குமாம். வானிலை நிலையங்களைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால் கவனிக்க உயிரினங்கள் கிடைப்பதில்லை என்றார்கள். செர்ரி தப்பியது. தகைவிலான் முதலில் தென்படும் நாளும் மின்மினி முதலில் ஒளிரும் நாளும் பட்டியலிலிருந்து போயின.

எனக்கு உறுத்தியது அதுதான். ஒரு தொடர் அறுந்தால், விட்டுப்போன வருஷத்தை எந்தக் கருவியாலும் பின்னால் போய் அளக்க முடியாது. ஜப்பானின் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் பிறகு பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கவனிப்பைத் தொடர முன்வந்தது. ஆக, வேலை மறுபடியும் நாட்குறிப்பு எழுதுபவர்களின் கைக்கே வந்திருக்கிறது.