பெயர்த் தகட்டிலிருந்து விளக்கப் பலகைக்கு

இத்தாலியின் படுவா நகரில் 1545-இல் மருத்துவ மாணவர்களுக்காக ஒரு மூலிகைத் தோட்டம் அமைக்கப்பட்டது. அதன் வரைபடத்தோடு 1591-இல் ஒரு சிறு கையேடு வெளிவந்தது. பாத்திகளுக்கு எண்கள் இருந்தன. எண்ணுக்கு எதிரே வெற்றிடம் விடப்பட்டிருந்தது. எந்தப் பாத்தியில் எந்தச் செடி நிற்கிறது என்பதைப் படிப்பவரே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்னாளில் தாவரவியல் பூங்காக்கள் அந்த வேலையைத் தகட்டிடம் ஒப்படைத்தன. 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இருசொல் பெயர்முறையை நிலைநாட்டிய பிறகு அறிவியல் பெயர், குடும்பம், தாயகம் ஆகிய மூன்றும் தகட்டின் வழக்கமாயின. ஆய்வாளருக்கு அது போதும். உலாவ வந்தவரோ பெயரைப் படித்துவிட்டு, செடியைப் பாராமலே அடுத்த தகட்டுக்குப் போய்விடுவார்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு பூச்சியியலாளர். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லட்ஸ், 1925-இல் நியூயார்க் மாநிலத்தின் டக்சீடோ அருகே காட்டுக்குள் இரண்டு நடைபாதைகளை உருவாக்கினார். முதல் பாதையில் மரம், புதர், பூச்சி தங்கும் இலை என்று பொருள் இருக்கும் இடத்திலேயே அட்டைகள் இருந்தன. இயற்கையை ஓரளவு அறிந்த நண்பர் ஒருவர் கூடவே நடந்து, ‘இதைப் பாருங்கள்’ என்று காட்டும் தொனியில் அவற்றை எழுதினார். இரண்டாம் பாதையில் கேள்விகள் மட்டுமே. முதல் பாதையில் கண்டதைக் கொண்டு நடப்பவரே விடை காண வேண்டும். படுவாவின் வெற்றிடம் வேறு உருவில் திரும்பியது எனலாம். வழிகாட்டி இல்லாமல் தாமே படித்து நடக்கும் இயற்கைப் பாதைகளுக்கு இது முன்மாதிரி ஆயிற்று.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிரீமன் டில்டன் 1957-இல் எழுதிய நூல் இந்த அனுபவத்துக்குக் கோட்பாடு தந்தது. தகவலைக் கொட்டுவதைவிட ஆர்வத்தைத் தூண்டுவதே விளக்கத்தின் நோக்கம் என்றார் அவர். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பலகையின் வடிவமும் அதற்கேற்ப மாறியது. இடுப்பளவு உயரத்தில் சாய்வாக வைத்த பலகை காட்சியை மறைப்பதில்லை. படிப்பவர் தலையை நிமிர்த்தினால் பலகை சொல்லும் பொருள் எதிரே நிற்கும்.

ஈரநிலப் பூங்காக்கள் வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. மரம் தகட்டை விட்டு நகராது, பறவை நகரும். லண்டனில் பழைய நீர்த்தேக்கங்களை மாற்றி 2000-இலும், ஹாங்காங்கில் 61 ஹெக்டேரில் 2006-இலும் திறக்கப்பட்ட ஈரநிலப் பூங்காக்கள் போன்றவற்றில், ‘இது இன்ன பறவை’ என்ற பலகை பெரும்பாலான நேரம் வெறும் நீரையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நிகழ்வை விளக்கும் பலகையே அங்கே பயன்படும். எடுத்துக்காட்டாக, கடலோர ஈரநிலத்தில் ஓதம் வடிந்தால் சேறு வெளிப்படும். சேற்றில் புழுவும் நண்டும் உண்டு. அலகு நீண்ட உள்ளான் ஆழத்தில் துழாவும், அலகு குறுகியது மேற்பரப்பில் கொத்தும். இதைப் படித்தவர் எந்தப் பறவை வந்தாலும் அதன் அலகைக் கவனிப்பார்.

சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவும் ஓதம் வந்து போகும் நிலம்தான். இத்தகைய இடங்களுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பறவைப் பெயர்ப் பட்டியலுக்கு முன்பாக அன்றைய ஓத நேரத்தைத் தமிழில் எழுதிவைக்கும் ஒரு பலகை வேண்டும்.