‘டைமிங் போச்சு’ என்று ஃபோர்மேன் சொன்னால் என்ன அர்த்தம்? காரின் வால்வு டைமிங்: ஓர் எளிய விளக்கம்

பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கார் வெறும் வசதிக்கான பொருள் இல்லை. ஜெராம் பாடாங் போன்ற இடத்திலிருந்து டவுனுக்கு வர, கோலப்பிலா மருத்துவமனைக்குப் போக, புக்கிட் புத்துஸ் மலைச்சாலையைத் தாண்டி சிரம்பானில் வேலைக்குச் சேர, பல குடும்பங்களுக்கு வீட்டிலுள்ள ஒரே பழைய காடிதான் துணை.

அந்தக் காடியைப் பார்த்து ஃபோர்மேன், “டைமிங் போச்சு, எஞ்சினைத் திறக்கணும்” என்று சொன்னால் நாம் என்ன கேட்கணும்? சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை சில ஆயிரமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

வால்வு டைமிங் என்றால் என்ன?

எஞ்சின் மூச்சு விடுவதற்கு வால்வுதான் கதவு. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, எரிந்த புகை வெளியே போக இன்னொரு வால்வு. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது எந்தக் கதவு திறக்கணும், எப்போது மூடணும் என்ற கணக்குதான் வால்வு டைமிங்.

பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க்‌ஷாஃப்ட். வால்வைத் திறப்பது கேம்‌ஷாஃப்ட். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்றும். இரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. கணக்கு கொஞ்சம் தப்பினாலும் எஞ்சின் ஏன் தடுமாறுகிறது என்று இதிலிருந்தே புரியும்.

எல்லா ‘டைமிங்’கும் ஒன்றா?

இல்லை. பட்டறைப் பேச்சில் மூன்று வேலைகள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

• இக்னிஷன் டைமிங்: பிளக்கில் எப்போது பொறி வரணும் என்பது. பழைய கார்புரேட்டர் காடிகளில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி சரிசெய்வார்கள்.

• வால்வு இடைவெளி: வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளி. ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் இதைத்தான் ஃபீலர் கேஜ் வைத்து அளப்பார்கள்.

• வால்வு டைமிங்: கேம், கிராங்க் இரண்டும் சரியான குறியில் பொருந்தியிருப்பது.

முதல் இரண்டையும் பல எஞ்சின்களில் பெல்ட்டைக் கழற்றாமலேயே செய்யலாம். மூன்றாவதற்குக் கழற்றியாகணும். அதனால், “எந்த டைமிங், அண்ணே?” என்று கேட்பது தப்பே இல்லை.

ஒரு பல் தப்பினால் என்ன ஆகும்?

கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஒரே ஒரு பல் தாண்டினாலும் கணக்கு 18 டிகிரி தப்பிவிடும். எஞ்சின் ஓடும், ஆனால் நடுங்கும். மேடு ஏறும்போது இழுக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

பெல்ட் அறுந்தால் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். டைமிங் சரியாக இருக்கும்வரை இரண்டும் சந்திக்காது. பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் வேலை நடக்காது.

ஓடும்போது நின்றுபோன காடியில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறதா? பெல்ட் அறுந்திருக்கலாம். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. இழுவை வண்டியைக் கூப்பிடுவதே மலிவு.

பட்டறையில் எப்படிச் சரிசெய்கிறார்கள்?

இது காதில் சத்தம் கேட்டு ‘டியூன்’ பண்ணும் வேலை இல்லை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். 1-ஆம் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை கிராங்க்கைக் கையால் சுற்றுவார்கள். பல்சக்கரங்களிலும் எஞ்சின் உடலிலும் தயாரிப்பாளர் போட்ட குறிகள் இருக்கும். அவை நேராக வந்த பிறகு பழைய பெல்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, டென்ஷனரை இறுக்குவார்கள்.

முக்கியமான சோதனை அதன் பிறகுதான். ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கையால் முழுசாக 2 சுற்று சுற்றி, குறிகள் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்க்கணும். நடுவில் தட்டி நின்றால் பலம் போட்டுத் திருப்பக் கூடாது. பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனை முடியாமல் சாவியைப் போடுவது பெரிய ஆபத்து.

‘விவிடி’ இருந்தால் டைமிங் தானாகவே மாறுமா?

ஆமாம், ஓர் எல்லைக்குள். மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்கு ஒரு டைமிங் நல்லது, வேகத்தில் இன்னொன்று நல்லது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் ஒரே நிலையான டைமிங்தான். 2005-இல் வந்த பெரோடுவா மைவி 1.3-இல் டிவிவிடி இருந்தது. 2017 மைவியில் இரண்டு கேம்களையும் மாற்றும் முறை வந்தது.

இதைக் கணினி கட்டுப்படுத்தினாலும், பெரும்பாலான காடிகளில் கேமை உண்மையில் திருப்புவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். மின்யாக் ஹித்தாம் மாற்றாமல் இழுத்தடித்தால் கசடு சேர்ந்து விவிடி மாட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் பி0011 என்று வந்தால் கேம் அளவுக்கு மீறி முன்னால் போயிருக்கிறது. பி0016 என்றால் கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகவில்லை. ஆயிலையும் அதன் கட்டுப்பாட்டு வால்வையும் பார்க்காமல் எஞ்சினையே திறக்கச் சொன்னால், இன்னொரு பட்டறையிலும் கேளுங்கள்.

கேம் புல்லி போட்டு பவர் ஏற்றலாமா?

ஹாஃப் கட் எஞ்சின் போட்டு ஓட்டும் இளைஞர்களுக்கு இது பிடித்த விஷயம். பொதுவாக கேமை முன்னால் தள்ளினால் குறைந்த வேகத்தில் இழுவை கூடும், பின்னால் தள்ளினால் அதிக ஆர்பிஎம்மில் பவர் கூடும். ஒன்று கிடைத்தால் இன்னொன்று குறையும். டிகிரி வீல் வைத்து அளக்காமல் கண்பார்வையில் திருப்பினால், வால்வு வளையும் ஆபத்து உங்களோடதுதான்.

பழைய காடி வாங்கும்போது என்ன கேட்கணும்?

• இதில் பெல்ட்டா, செயினா? விவிடி இருந்தால் செயின்தான் என்று நினைக்காதீங்க. பெல்ட் எஞ்சினிலும் விவிடி வரும்.

• பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பல தயாரிப்பாளர்கள் 60,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காடிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். குறைவாக ஓடினாலும் வருடக்கணக்கில் ரப்பர் வெடித்துப்போகும்.

• பில் இருக்கா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

• செயின் எஞ்சினா? காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது முன்பக்கம் ‘கடகட’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். செயின் நீண்டிருக்கலாம்.

பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும், அந்த பெல்ட்டிலேயே ஓடும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரே கூலியில் முடியும். வேலை முடிந்த தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து அந்தக் காடியை ஓட்டப்போவது உங்கள் தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.