கடற்காற்றில் பதிவான குரல்: மிக்ஸிங் செய்யும்போது கம்ப்யூட்டர் திணறுவது ஏன்?

பாம்பனில் இருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் 'கடல் ஓசை' எஃப்.எம், மீனவர்களுக்கான சமுதாய வானொலி. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம் இது. சமுதாய வானொலி நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் உள்ளூர் மக்களின் பங்களிப்போடு தயாராக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

அப்படியென்றால், மைக்கோடு கரைக்குப் போயாக வேண்டும். ராமேஸ்வரம் கடற்கரையில் ஒரு மீனவரின் பேச்சைப் பதிவு செய்தால், காற்று, அலை, படகு இன்ஜின் என எல்லாம் சேர்ந்தே வரும். குரலை முன்னால் கொண்டுவந்து மற்றதை அடக்குவதுதான் மிக்ஸிங். சின்ன ஸ்டூடியோக்களில் கம்ப்யூட்டர் 'டப் டப்' என்று சத்தம் போட்டு மக்கர் பண்ணுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது என்ன?

வெறும் எண்கள்தான். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால், ஒரு டிராக்கில் நொடிக்கு 48,000 எண்கள். சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது ஒரு பெருக்கல். பல டிராக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது வெறும் கூட்டல். இதெல்லாம் இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு சுமையே இல்லை.

அப்போ பவர் எங்கே போகிறது?

எஃபெக்ட்களில். ஆனால் எல்லா எஃபெக்ட்டும் ஒரே அளவு சாப்பிடாது.

காற்றின் 'கும்' சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் அதைப் பெருமளவு குறைக்கும். எளிமையான ஃபில்டருக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் 5 பெருக்கல் போதும். நொடிக்கு 2.4 லட்சம்தான்.

நிஜமான கூடத்தின் எதிரொலியை அப்படியே பிரதி எடுக்கும் ரிவெர்ப் வேறு ரகம். 2 நொடி எதிரொலியை நேரடியாகக் கணக்கிட்டால் நொடிக்கு சுமார் 460 கோடி பெருக்கல் வேண்டும். மென்பொருள்கள் குறுக்குவழிக் கணிதத்தால் இதை வெகுவாகக் குறைக்கின்றன. அப்படியும் சாதாரண ஃபில்டரைவிட இது பல மடங்கு கனம். இரைச்சலை நீக்கும் மென்பொருள்களும் கனமானவைதான்.

'டப் டப்' சத்தம் ஏன்?

கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக எடுத்து வேலை செய்கிறது. இதற்கு பஃபர் என்று பெயர். பஃபர் 128 என்றால், எல்லா டிராக்கின் கணக்கையும் 2.7 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் ஓட்டை விழும். அதுதான் அந்தச் சத்தம்.

பஃபரை 1024 ஆக்கினால் 21 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும். ஆனால் பதிவு செய்யும்போது அப்படி வைத்தால், பேசுபவரின் குரல் அவர் ஹெட்போனிலேயே தாமதமாகக் கேட்கும். அதனால் பதிவின்போது பஃபர் குறைவு, மிக்ஸிங்கின்போது அதிகம்.

இன்னொரு விஷயம். ஒரே டிராக்கில் அடுக்கிய எஃபெக்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். அதனால் சி.பி.யு மொத்தத்தில் பாதிகூட நிரம்பாதபோதும், ஒரு கோர் மட்டும் திணறி ஒலி உடையலாம்.

பெரிய ஸ்டூடியோக்கள் என்ன செய்கின்றன?

சில ஸ்டூடியோக்கள் இந்த வேலைக்கென்றே தனி சிப்களை வைக்கின்றன. 'புரோ டூல்ஸ் எச்.டி.எக்ஸ்' கார்டு ஒன்றில் 18 சிப்கள் உண்டு. கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருந்தாலும் ஒலிக் கணக்கு தடைபடாது. ஆனால் விலை அதிகம்.

செலவில்லாமல் சமாளிப்பது எப்படி?

* ஒவ்வொரு டிராக்கிலும் தனி ரிவெர்ப் வேண்டாம். ஒன்றைப் போட்டு எல்லா டிராக்கையும் அதற்கு அனுப்பலாம்.
* வேலை முடிந்த டிராக்கை 'ஃப்ரீஸ்' செய்தால், எஃபெக்ட்டோடு சேர்த்து ஒலிக் கோப்பாகிவிடும். மறுபடி கணக்கு போட வேண்டியதில்லை.
* 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் கணக்கு இரட்டிப்பாகும். எஃப்.எம் ஒலிபரப்பு சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கொண்டுபோகும். பேச்சு நிகழ்ச்சிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.
* மைக்குக்குப் பஞ்சு உறையோ, ரோம உறையோ போடுங்கள். காற்று மைக்கில் நேராக மோதி ஒலி சிதைந்துவிட்டால், எவ்வளவு பவர் இருந்தாலும் அந்தப் பேச்சை முழுசாக மீட்க முடியாது.