சுட்ட மக்காச்சோளம் (புதுச்சேரி)

சுட்ட மக்காச்சோளம் என்பது பால் பிடித்த மக்காச்சோளக் கதிரைத் தோலுரித்து, கரித்தணலில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் தேய்த்துச் சூடாகத் தின்னும் தெருவோரத் தின்பண்டம். சென்னை மெரினா உட்படத் தமிழ்க் கடற்கரைகள் பலவற்றிலும் இது கிடைக்கும். புதுச்சேரி நகரில் கூபேர் கடற்கரைச் சாலைதான் இதன் களம். மாலை 6 மணிக்கு அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 மணி வரை அது நடப்பவர்களின் சாலை. காந்தி சிலையையும் 1836இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தையும் சுற்றிக் கூட்டம் சேரும் அந்த நேரத்தில்தான் சோளம் சுடும் அடுப்புகளும் கனியத் தொடங்கும்.

புதுச்சேரியின் உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிரெஞ்சு ரொட்டியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுட்ட சோளம் பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற பண்டம் அன்று. பிரான்சில் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கே போகிறது. ஆனால் தேர்வு, நெருப்பு, நேரம் ஆகிய மூன்றிலும் இந்தப் பண்டம் கேட்கும் கைத்திறன் எந்த அடுமனையின் திறனுக்கும் குறைந்ததில்லை. அதைப் பதிவு செய்யாமல் இந்த ஊரின் சமையல் வரலாறு முழுமை பெறாது.

பயிரின் வழி

மக்காச்சோளம் மெக்சிகோவைச் சேர்ந்த பயிர். தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள உழவர்கள் அதை உருவாக்கினர். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பிறகு அது ஐரோப்பாவுக்குச் சென்றது. இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் வழியாக வந்ததாகக் கருதப்படுகிறது. தமிழ் மண்ணில் நெடுங்காலமாக விளையும் வெள்ளைச்சோளம், செஞ்சோளம் ஆகியவை வேறு தானியம். கடற்கரையில் ‘சோளம்’ என்று கேட்டால் மக்காச்சோளமே கைக்கு வரும்.

மேலே தூவும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அடுப்புக்கரியும் பெரும்பாலும் அப்படித்தான். தமிழகத்தில் விற்கும் மரக்கரியின் பெரும்பங்கு சீமைக்கருவேல மரத்திலிருந்து கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மரம் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வறண்ட நிலங்களில் பரவி நிற்கிறது. வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, உள்ளே காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். கரிமூட்டம் போடும் இந்தத் தொழிலாளர்களின் புகை படிந்த உழைப்பைச் சோளம் தின்பவர் காண்பதில்லை. மொத்தத்தில், இதில் சேரும் தாவரங்களில் எலுமிச்சை ஒன்றே ஆசியாவின் பங்கு.

புதுச்சேரிப் பகுதியில் பாகூர்ச் சுற்றுவட்டாரம் நெல்லுக்குப் பேர்போனது. மக்காச்சோளமோ பெரும்பாலும் தமிழக மாவட்டங்களில் விளைகிறது. பெரம்பலூர் இதில் முன்னணி மாவட்டம். அரியலூர், சேலம், திண்டுக்கல் முதலிய இடங்களிலும் சாகுபடி அதிகம். ஆனால் விளைச்சலில் பெரும்பகுதி காய்ந்த மணியாக உதிர்ந்து நாமக்கல் போன்ற இடங்களின் கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. பச்சைக் கதிராக ஒடிக்கப்படுவது சிறு பங்குதான்.

கதிரின் பதம்

மணிக்காக விளைவிக்கும் வீரிய ஒட்டு ரகங்கள் முற்றி அறுவடையாக 95 முதல் 110 நாள் ஆகும். சுடுவதற்கான கதிரை அதற்கு ஒரு மாதம் முன்பே ஒடித்துவிட வேண்டும். குஞ்சம் வெளிவந்து மூன்று வாரம் கழிந்து, அதன் நுனி பழுப்பேறி, தோல் மட்டும் பச்சையாக இருப்பதே பதம். நகத்தால் ஒரு மணியைக் கீறினால் பால் போன்ற சாறு வர வேண்டும். தெளிந்த நீர் வந்தால் இளசு. வாட்டும்போது சுருங்கிப் போகும். மாவாகக் கெட்டிப்பட்டிருந்தால் முற்றல். எவ்வளவு சுட்டாலும் பல்லுக்கு வலி. வாடிக்கையாளரும் இதைப் பார்த்துத்தான் கதிரைக் காட்டுகிறார். ‘இளசா குடுங்க அக்கா’ என்று கேட்பவருக்கும், ‘நல்லா முத்துனது வேணும்’ என்று கேட்பவருக்கும் தள்ளுவண்டியில் கதிர் கிடைக்கும்.

விற்பனைக்கு வருவது இரு வகை. ஒன்று, நாட்டுச்சோளம் என்று வியாபாரிகள் சொல்லும் மாவுச்சத்து மிகுந்த வெளிர்நிற ரகம். மற்றது ஸ்வீட் கார்ன். பின்னதில் சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவதை மரபணுத் திடீர்மாற்றம் ஒன்று தடுத்து நிறுத்துகிறது. பழைய இனிப்பு ரகங்களில் இந்தத் தடை முழுமையானதன்று. ஒடித்த கதிரை நம் ஊர் வெயிலில் ஒரு நாள் போட்டு வைத்தால் அதன் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஒடித்த அன்றே சுட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஸ்வீட் கார்ன் அவிக்கவும் வெண்ணெய் போட்டுக் கிண்ணத்தில் தரவும் ஏற்றது. தணலில் வாட்ட நாட்டுச்சோளமே சிறந்தது. அதன் தடித்த தோல் கருகலைத் தாங்கும், மென்று தின்ன வேலை இருக்கும், புகைமணமும் அதில்தான் நன்றாகப் பிடிக்கும்.

2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு அதே பருவத்தில் தமிழக வயல்களையும் அழித்தது. இலைக்குருத்தைத் தின்னும் இப்புழு கதிரின் நுனி வழியாகவும் உள்ளே புகுகிறது. வண்டிக்காரர் சில கதிர்களின் நுனியை நறுக்கிவிட்டு அடுப்பில் வைப்பது இதனாலும்தான். காய்ந்த மணியைப் போல மாதக்கணக்கில் கிடக்காமல் பச்சையாகவே வாய்க்கு வருவதால், மருந்து தெளித்த பின் குறித்த நாள் இடைவெளி விட்டே கதிரை ஒடிக்க வேண்டும். இதில் உழவருக்குத் தரும் அறிவுரை கூடுதல் கண்டிப்போடு இருப்பது நல்லது.

தணலும் கையும்

அடுப்பு என்பது பெரும்பாலும் ஓர் இரும்புச் சட்டியும் அதன் மேல் ஒரு கம்பி வலையும். வலை இல்லாமல் கங்கின் மேலேயே கதிரைக் கிடத்துவோரும் உண்டு. கரி எரியும்போது சுடக் கூடாது. தழல் அடங்கி, கங்கின் மேல் மெல்லிய சாம்பல் பூத்த பிறகே கதிர் போக வேண்டும். தழலில் காட்டினால் வெளியே கரியும், உள்ளே பச்சை நிற்கும்.

புதுச்சேரிக் கடற்கரை கிழக்கு நோக்கியது. கோடை மாலைகளில் கடற்காற்று நேரே சாலைக்குள் வீசும். காற்று மிஞ்சினால் கங்கு வேகமாகக் கனன்று கரி வீணாகும். பொறி பறந்து நிற்பவர் உடையில் விழும். அதனால் காற்றடிக்கும் பக்கத்தில் அட்டையோ தகரமோ நிறுத்தி மறைப்பு வைக்கிறார்கள். காற்று ஓய்ந்தால் விசிறி கைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரக்கரியைப் பிடிக்கவைப்பதே பாதி வேலை.

சூடு ஏறும்போது கதிரில் நடப்பது இது. பச்சை மணியின் எடையில் முக்கால் பங்கு நீர். முதலில் அந்த நீர் சூடேறி, உள்ளிருக்கும் மாவுச்சத்தை ஏறத்தாழ 65 முதல் 75 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைக்கிறது. வெளித்தோல் காய்ந்து 140 பாகையைத் தாண்டும்போதுதான் பழுப்பும் மணமும் உருவாகின்றன. இடையிடையே ஒரு மணி ‘பட்’ என்று வெடித்தால், உள்ளே அடைபட்ட நீராவி தோலைக் கிழித்துவிட்டது என்று பொருள். கை தேர்ந்த வியாபாரி அந்த ஒலியைக் கேட்டே கதிரைத் திருப்புகிறார். உரித்த தோலை அடிக்காம்போடு விட்டுவைத்தால் அதுவே பிடியாகும். நான்கு பக்கமும் புள்ளி புள்ளியாகக் கறுத்து, நடுவே மஞ்சள் மினுக்கினால் எடுத்துவிடலாம். முழுக்கக் கறுத்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் தின்பதே உடலுக்கு நல்லது.

உப்பும் காரமும் கடைசியில்தான். முன்பே ஈரம் பட்டால் தோல் காயாது, பழுப்பும் ஏறாது. எலுமிச்சையைப் பாதியாக அறுத்து, அந்த முகத்தை மிளகாய்த்தூளும் தூளுப்பும் கலந்த கிண்ணத்தில் ஒற்றி, கதிர் நெடுகிலும் அழுத்தித் தேய்ப்பார்கள். சூடு பட்டதும் சாறு இளகி உப்பைப் பிடித்துக்கொள்ளும். வெண்ணெய் தடவுவது பிற்காலப் பழக்கம். அது புகைமணத்தை மறைத்துவிடுகிறது. மெக்சிகோவின் எலோத்தே (சோளக்கதிர்) கடைகளில் பாலாடைக்கட்டியும் மயோனைஸும் பூசினாலும், மிளகாயும் எலுமிச்சையும் அங்கும் உண்டு.

சுடுவோரின் நிலை

இத்தொழிலில் பெண்கள் கணிசமாக உள்ளனர். வண்டியும் ஒரு சட்டியுமே முதலீடு. விற்காத கதிர் மறுநாள் சுவை குன்றிவிடும் என்பதால் நட்டம் அன்றாடம் தொடரும் அச்சம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் பெறும் உரிமை தருகிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு, அதில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்றும் அது வகுத்துள்ளது. கடற்கரையை அழகுபடுத்தும் திட்டம் எதுவாயினும் இந்த அடுப்புகளுக்கான இடத்தை முதலிலேயே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

வீட்டில்

வீட்டில் செய்ய விரும்புவோர் எரிவாயு அடுப்பின் மேல் கம்பி வலை வைத்து, சிறு தீயில் திருப்பித் திருப்பி வாட்டலாம். நிறம் வரும், கரியின் மணம் வராது. மொட்டை மாடியில் கரியடுப்பு வைத்தால் இரண்டும் கிடைக்கும். தீ மூட்டப் பிளாஸ்டிக்கோ மண்ணெண்ணெயோ சேர்த்தால் அந்த வாடை கதிரில் ஏறும். தேங்காய்ச் சிரட்டை போதும். மூடிய அறைக்குள் கரியைப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. அதன் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.