லேப்டாப்புக்குள் ஒரு பேரேடு

மலருக்கு "ஏதாவது சரித்திரம் எழுதுங்க" என்றார்கள். பழவேற்காட்டு டச்சுக்காரர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு ஃபைலின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்! சென்னை சி-டாக் தயாரித்து 2007-ல் வெளிவந்தது அது. அதற்கு மூலம் டெபியன். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் தொடங்கியது. காதலி டெப்ரா பெயரையும் தன் பெயரையும் சேர்த்து 'டெபியன்' ஆக்கிவிட்டார், மனுஷன்!

அதில் எந்தெந்த மென்பொருள் ஏறியிருக்கிறது, எந்தப் பதிப்பு, அது ஓட வேறு எதெல்லாம் வேண்டும் என்ற கணக்கை 'டிபிகேஜி' என்ற நிரல் பார்த்துக்கொள்கிறது. கணக்கு முழுவதும் 'ஸ்டேட்டஸ்' என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில். ஒரு மென்பொருளுக்குச் சில வரிகள், ஒரு வெற்று வரி, பிறகு அடுத்தது. அவ்வளவுதான். நம் ஏரிக் குப்பங்களில் பாடு முறைக்குத் தலைக்கட்டுக் கணக்கு வைப்பதில்லையா, அந்த மாதிரி ஒளிவுமறைவில்லாத கணக்கு.

ரெட் ஹாட்டின் 'ஆர்.பி.எம்.' வேறு வழியில் போனது. அதன் கணக்கு பைனரி வடிவில் இருந்தது. தேடுவது வேகம்தான், கெட்டுப்போனால் கண்ணால் பார்த்து ஒன்றும் புரியாது. 2020-ல் ஃபெடோரா அதை எஸ்.க்யூ.லைட்டுக்கு மாற்றியது. டெபியன் மட்டும் இன்றும் டெக்ஸ்டை விடவில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பழைய மெஷினில் அது கொஞ்சம் எரிச்சல்தான்.

ஆனால் அந்தத் தாமதத்துக்கு ஈடாகக் கிடைப்பதை எங்கள் திருப்பாலைவனத்திலேயே பார்த்தேன். அக்கா மகனுடைய லேப்டாப்பில் டிஸ்க் கோளாறு. எதை ஏற்றப் போனாலும் டிபிகேஜி நின்றுவிடும். ஆனால் எத்தனையாவது வரியில் தகராறு என்று அதுவே சொல்லிவிட்டது. திறந்து பார்த்தால் நடுவில் குப்பை எழுத்துக்கள். டிபிகேஜி புதுக் கணக்கைத் தனியே எழுதி முடித்த பிறகுதான் பழையதன் இடத்தில் வைக்கும். பழையதையும் 'ஸ்டேட்டஸ்-ஓல்டு' என்று பத்திரப்படுத்தும். அதிலிருந்து அந்த ஒரு பதிவை மட்டும் எடுத்து ஒட்டச் சொன்னேன். பையன் பி.காம். முதல் வருஷம், கம்ப்யூட்டர் படித்தவனில்லை. நோட்பேடு மாதிரி ஒன்றைத் திறந்து, பதினைந்தே நிமிஷத்தில் சரி பண்ணிவிட்டான். பொன்னேரிக்கு பஸ் ஏறிக் கடை தேடும் வேலை மிச்சம்.