பேர் இல்லாத ஓவியர்களும் ஒரு பணிக்கரும்



"ஏதாவது ஒரு சரித்திரக் கட்டுரை கொடுங்க, உங்க ஊரைப் பத்தியே இருக்கட்டும்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். என் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். பழவேற்காடு என்றாலே பூநாரை, டச்சுக்காரன் கல்லறை, இறால் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுத வந்தது ஓவியத்தைப் பற்றி. அதிலும், சென்னையில் வேலை பார்த்து உலக அரங்குக்குப் போன கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி. அவருக்கும் எங்கள் ஊருக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனால் அவர் செய்த காரியத்தின் அருமை புரிய வேண்டுமானால், பழவேற்காட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கடுக்காயும் சாயவேரும்

இன்றைக்கு எங்கள் ஏரியில் வலையும் படகும்தான் கண்ணில் படும். நானூறு, ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் இது துணிக்குப் பேர் போன துறைமுகம். 1516-ஐ ஒட்டி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்கா, பெகு, சுமத்ரா வரைக்கும் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். டச்சுக்காரர்கள் 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று, 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகரம் பழவேற்காடுதான். கோட்டை போய்விட்டது. கோட்டைக்குப்பம் என்ற பேர் மட்டும் மிச்சம்.

டச்சுக்காரர்களுக்கு வேண்டியது கிழக்கிந்தியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அதை வாங்கப் போனால் அங்கே கேட்டது நம் துணியை. ஆக, நம்ம ஊர்த் துணிதான் அந்த வியாபாரத்துக்குப் பணமாக ஓடியது. துணி மட்டும் போனது என்று நினைக்க வேண்டாம். பஞ்ச காலங்களில் இதே துறையிலிருந்து மனுஷர்களும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அதையும் சொல்லாமல் எங்கள் ஊர்ச் சரித்திரம் முழுமையாகாது.

அந்தத் துணிகளில் உசத்தியானது, மூங்கில் கலம் கொண்டு கையாலேயே வரைந்த துணி. கெமிக்கல் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்கணும். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பாலில் உள்ள கொழுப்பு, கோடு போடும்போது சாயம் பரவாமல் பிடிக்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்க வைத்துக் கோடு போட்டால், கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து கெட்டிக் கறுப்பாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, கடலோர மணலில் விளையும் சாயவேரைப் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். நீலம் ஏறக் கூடாத இடத்தையெல்லாம் மெழுகு பூசி மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைக்கத் துவைக்க மெருகு ஏறும் துணி! பரிசோதனைச் சாலை இல்லை, பாடப் புத்தகம் இல்லை. அப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை படித்த வேதியியல்.

துணி போன தூரம்

இந்தத் துணிகளைக் கண்டு ஐரோப்பாவே கிறுகிறுத்துப் போனது. உள்ளூர் நெசவாளர்கள் போட்ட கூச்சலில் பிரான்ஸ் 1686-இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1701-இலும், இன்னும் கடுமையாக 1721-இலும் தடுத்தது. மெக்ஸிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டும் பூப்போட்ட கைக்குட்டைக்கு இன்றும் 'பலியாகாத்தே' என்று பேர். அது பழவேற்காடு என்ற ஊர்ப் பேரிலிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம். அமெரிக்காவில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையில் வரைந்த ஒரு பெரிய திரை ஏழு துண்டுகளாக இருக்கிறது. காலம் 1610-க்கும் 1640-க்கும் இடையில். பல தேசத்து ஜனங்கள், அவரவர் உடை, அவரவர் வீடு, எல்லாம் அதில் உண்டு.

வரைந்தவர் பேர்? அது மட்டும் இல்லை.

ஊர்ப் பேர் மெக்ஸிகோ வரைக்கும் போயிருக்கு, ஓவியன் பேர் பக்கத்துத் தெருவுக்குக் கூட வரவில்லை! காரணம் ரொம்ப சுலபம். மாதிரி வெளியிலிருந்து வந்தது. முன்பணம் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். என்ன வரைவது, எத்தனை வரைவது, என்ன விலை என்பதெல்லாம் வேறிடத்தில் முடிவானது. கை மட்டும் இவர்களுடையது. 1742-இல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த வித்தையை உள்ளூர் ஓவியர்களிடமே கேட்டறிந்து, படிப்படியாக எழுதி ஊருக்கு அனுப்பினார். 1783-இல் தாமஸ் பெல் என்பவர் துணியில் அச்சடிக்கும் உருளை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வித்தை அங்கே போச்சு, இயந்திரமும் அங்கே வந்தாச்சு. ஆர்டர் நின்றது. ஆர்டரை மட்டும் நம்பியிருந்த தொழில் ஒடுங்கியது.

தந்தி ஆபீஸிலிருந்து லண்டனுக்கு

இப்போது பணிக்கரிடம் வருவோம். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். ஆனால் தூரிகையை விடவில்லை. 1936-இல், 25 வயசில், சென்னை அரசு கலை, கைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே முதல்வராக இருந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படித்த பள்ளியிலேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரும் ஆனார். நடுவில் 1944-இல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்.

1954-இல் அவர் ஓவியங்கள் லண்டனிலும் பாரிஸிலும் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. நம்மில் பலர் அதோடு 'வந்தாச்சு' என்று உட்கார்ந்திருப்போம். அவர் உட்காரவில்லை. அதுவரை அவர் படங்களில் வான் கோ போன்ற மேலைநாட்டார் சாயல் தெரியும். திரும்பி வந்தபின், இந்த மண்ணுக்கே உரிய ஒரு சித்திர மொழி வேண்டும் என்ற தேடல்தான் அவருக்கு முழு வேலையாகியது. மாதிரி அங்கிருந்து வந்தால், படத்தில் யார் பேர் இருந்து என்ன பிரயோஜனம்?

அந்தத் தேடலுக்கு விடை கிடைத்த இடம் நமக்கெல்லாம் பிடிக்கும். ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! எண்களும் எழுத்துகளும் உருவங்களும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு பக்கத்தின் அழகு அவரைப் பிடித்துக்கொண்டது. 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். அல்ஜீப்ரா மாதிரி வரிகள், ஜாதகக் கட்டம், மலையாள எழுத்துப் போலத் தோன்றியும் படிக்க முடியாத வரிகள், நடுவே ஒரு மீன், ஒரு பறவை. அர்த்தம் தேடி எழுத்துக் கூட்டினால் ஒன்றும் வராது. ஓலைச்சுவடியையோ கோலத்தையோ பார்க்கிற மாதிரி சும்மா பார்க்கணும். உலகத்தில் எங்கே மாட்டினாலும் 'இது இந்த ஊர்க்காரர் கை' என்று சொல்லும் படங்கள் அவை.

ஈஞ்சம்பாக்கத்து மணலில்

ஆனால் அவருடைய மாணவர்கள்? படித்து முடித்து வெளியே வந்தால் சோறு எங்கே? அன்றைக்குச் சென்னையில் நவீன ஓவியம் வாங்குவாரே அபூர்வம். இருந்த வழி இரண்டு: வேறு வேலைக்குப் போவது, அல்லது கேட்டவர் கேட்டபடி வரைந்து கொடுப்பது.

பணிக்கர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். தினமும் கொஞ்ச நேரம் எல்லோருமாகச் சேர்ந்து கைத்தொழில் செய்வது. மீதி நேரம் அவரவர் ஓவியம், அவரவர் இஷ்டம். அந்தக் கைத்தொழிலில் முக்கியமானது எது தெரியுமா? பாத்திக்! மெழுகு பூசி மூடிவிட்டுச் சாயத்தில் முக்கும் துணி. பழவேற்காட்டுக் காலத்தில் அவுரித் தொட்டிக்கு முன் செய்த அதே தந்திரம். பாத்திக் விற்ற காசில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், மீனவர் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில், நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. மின்சாரம்கூட இல்லாத மணலில் அவர்களே வீடு எழுப்பினார்கள்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு, முறை வைத்துக்கொள்வார்கள். வலையில் விழுவது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் இறங்க இடம் எல்லோருக்கும் உண்டு. சோழமண்டலத்துக் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். பிழைப்பு பொதுவில், படைப்பு தனியாக.

அங்கிருந்து ஜே. சுல்தான் அலி, ரெட்டப்ப நாயுடு, எஸ்.ஜி. வாசுதேவ், ஹரிதாசன், பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் என்று ஒரு வரிசையே வந்தது. விஸ்வநாதன் 1968-இல் பாரிஸ் போய் அங்கேயே நிலைத்தார். எல்லோருக்கும் எல்லாம் சுபமாக முடியவில்லை. அற்புதமான கனவு நகரங்களை வரைந்த கே. ராமானுஜம் 1973-இல் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. உள்ளே ஒரு கலைக்கூடமும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது மாமல்லபுரத்துக்கே பறக்காமல் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள்.

நமக்கு இதில் என்ன?

ஒரே கடற்கரை, ஒரே மெழுகு, ஒரே சாயம். பழவேற்காட்டார் கைத்திறனில் பணிக்கர் கூட்டத்துக்குக் குறைந்தவர்கள் இல்லை. வித்தியாசம் இரண்டே விஷயத்தில். என்ன வரைவது என்று யார் முடிவு செய்தார்கள், விற்ற காசு யார் கைக்கு வந்தது. அந்த இரண்டும் மாறியதும் பேரும் தானாக வந்தது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போடும் டிசைனும் எழுதும் புரோகிராமும் நாளைக்குக் கடல் தாண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் செய்வது வெளியிலிருந்து வந்த மாதிரிக்கு வண்ணம் தீட்டும் வேலைதான். நானும் அதில் ஒருத்தன். அது கேவலமில்லை, அது நம் பாத்திக். வீட்டுக் கடன் அதில்தான் அடையும். வாரத்தில் கொஞ்ச நேரமாவது நம் சொந்தக் கணக்கு நோட்டுக்கு ஒதுக்குகிறோமா என்பதுதான் கேள்வி.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் அழகழகான பெட்டிகள் பின்னுகிறார்கள். அடுத்த சந்திப்புக்கு நினைவுப் பரிசாக பிளாஸ்டிக் கேடயத்துக்குப் பதில் அந்தப் பெட்டிகளை நேரே அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கலாம். பெட்டிக்குள் ஒரு சிறு சீட்டு வைப்போம். அதில் சங்கத்தின் பேருக்கு மேலே, பின்னியவர் பேர் இருக்கட்டும். வாங்கி வந்து சேர்க்கிற வேலை என்னுடையது.