முற்றமா, மொட்டை மாடியா? அபிராமபுரத்து வீடு ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

அபிராமபுரத்தில் தாத்தா கட்டிய வீட்டை பில்டரிடம் கொடுப்பதா, பழுது பார்த்து வைத்துக்கொள்வதா என்று எங்கள் குடும்பத்தில் மூன்று மாதமாகப் பேச்சு. சித்தப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். "கட்டை எல்லாம் கரையான்டா. இன்னும் எத்தனை நாள் முட்டுக் குடுப்ப?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போன மே மாதம் நான் கவனித்த ஒரு விஷயம்தான் என்னை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்துவிட்டது.

வீட்டின் முன்பகுதி 1950-களின் தொடக்கத்தில் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் கூரை. பின்னாடி இருக்கும் அறை எழுபதுகளில் சேர்த்தது, கான்கிரீட். இரண்டுக்கும் மேலே மாடி கிடையாது. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனால் எல்லோரும் தானாகவே முன் கூடத்துக்கு நகர்ந்து வந்துவிடுவோம். இரண்டும் ஒரே வீடு, ஒரே வெயில்தான். அப்புறம் ஏன் இப்படி?

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் நேராக நம் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதாவது கோடையில் தெற்குச் சுவர் பெரிதாகச் சூடாவதில்லை. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் சுடும். நாள் முழுக்க அடி வாங்குவது கூரை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாளில் மொட்டை மாடியில் கால் வைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மெட்ராஸ் டெரஸ் இந்த ஊர் பெயரையே கொண்ட கூரை. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஓரங்குல கனமே உள்ள சின்னச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, நிற்கவைத்துச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். கீழே சாரம் கட்டிப் பலகை அடிக்கத் தேவையில்லை. ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டியதாக அத்தைப்பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசியில் தட்டோடு. எல்லாம் சேர்ந்தால் முக்கால் அடிக்குப் பக்கம் வந்துவிடும். பின்னறையின் கான்கிரீட் தளமோ ஐந்து அங்குலம் இருந்தால் அதிகம். செங்கலும் சுண்ணாம்பும் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். மதியத்து வெயில் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்திருக்கும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைப் பழமை பேசுபவர்கள் சொல்வதில்லை. மெதுவாக உள்ளே வந்த சூடு மெதுவாகத்தான் போகும். ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கூடம் புழுங்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ போனார்கள். பகலில் ஓரிடம், இரவில் ஓரிடம் என்று இடம் மாறிக்கொண்டே வாழ்ந்ததால்தான் வீடு குளிர்ச்சியாகத் தெரிந்தது.

முற்றம் விஷயமும் இப்படித்தான். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் பழைய வீடுகள் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி, ஒடுங்கலாக, நீளமாகப் போகும். திண்ணை, ரேழி, கூடம் என்று நடந்தால் பக்கவாட்டில் ஜன்னலே வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் வர நடுவில் வானத்தைத் திறந்துவிட்டே ஆகவேண்டும். முற்றம் பிறந்தது அந்தத் தேவையில். அபிராமபுரம் மாதிரி நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டிய மனைகளில் அந்த வேலையை ஜன்னலே செய்துவிடும். அதுவும் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு எதிரெதிரே திறந்த ஜன்னல். இப்போது ஈசிஆர் பக்கம் காரைக்குடித் தூணெல்லாம் வாங்கி நட்டு முற்றம் வைத்து, மழை வருகிறது, கொசு வருகிறது என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். அது முற்றம் இல்லை. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூண்டு.

கான்கிரீட்டை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாண்டிச்சேரி கோல்கொண்டேவைப் பற்றிப் படித்ததும் அது போயிற்று. அரவிந்தர் ஆசிரமத்து விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து 1937-ல் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நகஷிமா அங்கேயே தங்கிக் கட்டினார். முழுக்கக் கான்கிரீட். ஆனால் நீள முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. சுவருக்குப் பதில் திருப்பி மூடக்கூடிய பட்டைகள். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். வெயில் அந்த ஓட்டில் விழும். இடையில் காற்று ஓடும். தளம் நிழலில் இருக்கும். எங்கள் பின்னறையைக் கட்டியவர்கள் கான்கிரீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிழலை விட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் முதன்முதலாக சிமெண்ட் தயாரித்துப் பார்த்தது 1904-ல், இதே மெட்ராஸில், கடற்சிப்பியை வைத்து. பளிங்கு மாதிரி மினுங்கும் மெட்ராஸ் சுண்ணாம்புக்கும் அதே சிப்பிதான். அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் பின்னால் சிமெண்ட் மலிந்தது. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதில் தேக்கு வரத்தும் முடங்கியது. தாத்தா தேக்குச் சட்டம் போட்டுக் கட்டியது அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தில் என்று இப்போது புரிகிறது.

போன வாரம் ஒரு பெரிய மேஸ்திரியை அழைத்து வந்து காட்டினேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நாலு சட்டம் போயிருச்சு சார். மீதி கல்லு மாதிரி இருக்கு. மாத்தலாம். ஆனா தளம் தட்ட ஆளு ஏது? எங்க அம்மா தட்டுனாங்க. எம் பொண்ணு பேங்க்ல இருக்கு."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

சித்தப்பாவிடம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில்டரிடம் கொடுப்பதாக இருந்தால் நாலு விஷயம் கேட்க வேண்டும்: படுக்கையறைகள் மேற்கில் வேண்டாம், அங்கே மாடிப்படியும் பாத்ரூமும் போகட்டும். தென்கிழக்கில் ஜன்னல், அதற்கு நேர் எதிரே இன்னொன்று. மேல்தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை, குறைந்தது வெள்ளைப் பூச்சாவது. நாலாவது, கிணறு. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம்; எங்கள் மாடித் தண்ணீர் அதற்கும் முன்பிருந்தே அந்தக் கிணற்றில்தான் இறங்குகிறது. 2019 ஜூனில் தெருவே லாரிக்குக் காத்திருந்தபோது அடியில் கொஞ்சம் கிடந்தது.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "ஜன்னல் சரி, கூரைக்குப் பேசிப் பாக்கறேன்" என்றார். கிணறு இருக்கும் இடத்தில் பிளானில் இரண்டு கார் நிறுத்தம் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பில்டர் வீட்டுக்கு வருகிறார்.